தொட்டி மூலை

பின்பக்கத்து நிலத்தைத் தோட்டமாக்க ஆள் வரப்போகிறது என்று மனைவி சொன்னபோது ஃபோர்மேன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாய்க்குப் போன கை பாதியில் நின்றது.

"எதுக்கு?"

"எதுக்குன்னா? வருஷக்கணக்கா புல்லும் புதருமா கிடக்கு. நாலு செடி, நடக்க ஒரு பாதை, உட்கார ஒரு இடம். நம்ம தெருவுல எல்லாரும் வச்சிருக்காங்க."

"செடிதானே? நான் நடுறேன். அதுக்குப் போய் வெளியாளா?"

"நீங்க நட்ட எலுமிச்சையைத்தான் தினமும் பாக்குறேனே. காய்க்கவும் மாட்டேங்குது, சாகவும் மாட்டேங்குது."

ஃபோர்மேன் சோற்றைப் பிசைந்தார். பேருந்துப் பணிமனையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். பெற்றோர் வைத்த பெயர் ஓய்வூதியப் புத்தகத்தில் மட்டும் இருந்தது. தெருவில், உறவில், கடையில் எல்லாருக்கும் அவர் ஃபோர்மேன்தான். பணிமனை வாசலில் முதுகைத் திருப்பி நின்றபடியே, உள்ளே வரும் வண்டிக்கு என்ன கோளாறு என்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவார். காது அப்படி. கோபமும் அப்படித்தான். ஒருமுறை மூண்டால் தானாக அணைய வேண்டுமே தவிர மற்றவர் ஊதி அணைக்க முடியாது.

ஆனால் அன்று அவருக்கு வந்தது கோபம் இல்லை, பயம். அந்தப் புல்லுக்கும் புதருக்கும் நடுவே அவருக்கு ஒரு இடம் இருந்தது. அதில் யாரும் கை வைக்கக் கூடாது. ஏன் கூடாது என்று யாரிடமும் சொல்லவும் முடியாது.

விஷயம் இதுதான். அவருக்கு ஒரே மகள். வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர். பார்த்துப் பார்த்து ஒரு மாப்பிள்ளையைப் பிடித்து அவளைக் கட்டிவைத்தார். மாப்பிள்ளை தங்கம் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். ஒருநாள் வாலு கைக்குழந்தையும் ஒரு பையுமாக வந்து நின்று, இனி அந்த வீட்டில் இருக்க முடியாது என்றாள். என்ன ஏது என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திரும்பிப் போ என்றார். அவள் போகவில்லை, வேறொரு ஊரில் வேலை தேடிக்கொண்டு குழந்தையோடு கிளம்பினாள். அன்றைக்கு வாசலில் நின்று, தெருவே கேட்க, "இனிமே உன் குரல் என் காதுல விழக் கூடாது" என்று கத்தினார் மனிதர்.

தங்கம் பித்தளை என்பது அப்புறம் நாலு பேர் மூலமாக அவர் காதுக்கே வந்து சேர்ந்தது. தான் சொன்னது தவறு என்று அவருக்குத் தெரிந்து வெகுநாளாகிவிட்டது. ஆனால் தெருவே கேட்கச் சொன்னதை எந்த வாயால் திருப்பிச் சொல்வது? பணிமனையில் எத்தனையோ துருப்பிடித்த நட்டுகளைக் கழற்றிய கைக்கு இந்த ஒரு நட்டு மட்டும் அசையவில்லை.

வாலு தினமும் சாயங்காலம், வேலை முடிந்து வந்ததும், அம்மாவைக் கூப்பிடுவாள். வீட்டம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு, சமையலறை ஜன்னல் திண்டில் உப்பு ஜாடிமேல் சாய்த்து வைத்துவிட்டு, காய் நறுக்கியபடி பேசுவாள். அந்த ஜன்னலுக்கு வெளியே, செங்கல் மேடைமேல் நிற்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் சுவருக்கும் இடையே, ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம். "மோட்டார் சத்தம் சரியில்ல, பாத்துட்டு வர்றேன்" என்று ஃபோர்மேன் எழுந்து போவார். "பாருங்க பாருங்க" என்பாள் வீட்டம்மா. ஊரிலேயே அவ்வளவு கவனிப்புப் பெற்ற மோட்டார் வேறு இருக்காது. அதற்கு இதுவரை ஒரு கோளாறும் வந்ததில்லை.

அந்த மூலையில் நின்றுதான் பேத்தி முதல் வார்த்தை பேசியதை அவர் கேட்டார். வாலு பழைய கார் ஒன்று வாங்கியதை, ஓட்டக் கற்றதை, மேலதிகாரியோடு மல்லுக்கு நின்றதை எல்லாம் அங்கே நின்றுதான் கேட்டார். மூட்டு வலித்தது. கொசு பிடுங்கியது. மழை நாளில் தொட்டி வழிந்து தோளில் ஊற்றியது. எதற்காகவும் நகர்ந்ததில்லை.

இப்போது அங்கே தோட்டம் போடப் போகிறார்களாம்.

*

வந்தவள் முப்பது முப்பத்தைந்து வயதுப் பெண். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தொப்பி, காதோரம் ஒரு பென்சில். ஃபோர்மேன் மனசுக்குள் அவளுக்கு உடனே பூட்ஸ்காரி என்று பெயர் வைத்துவிட்டார். படம் வரைந்து கொண்டுவந்திருப்பாள், அதில் ஏதாவது குறை சொல்லி அனுப்பிவிடலாம் என்று காத்திருந்தவருக்கு ஏமாற்றம். அவள் வெறுங்கையோடு வந்திருந்தாள்.

"முதல் தடவை நான் எதையும் வரையறதில்ல சார். சும்மா பாப்பேன்" என்றாள். "தண்ணி எங்க தேங்குது, வெயில் எங்க விழுது, வீட்டு ஆளுங்க எங்க நடக்குறாங்க, எங்க நிக்கிறாங்க. இதெல்லாம் தரையிலயே இருக்கும். அதைப் பாத்துட்டுத்தான் பென்சில எடுப்பேன்."

ஃபோர்மேன் தொட்டிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

அவள் குனிந்து குனிந்து நடந்தாள். துணிக்கொடிக்குப் போகும் தடத்தைப் பார்த்து, "இது அம்மா நடக்குற வழி" என்றாள். எலுமிச்சையைச் சுற்றி வந்து மண்ணை விரலால் நெருடி, நிழல் அதிகம், இடம் மாற்றினால் பிழைக்கும் என்றாள். அப்படியே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனாள். போனவள் நின்றுவிட்டாள்.

"இங்க யாரு நிக்கிறது?"

ஃபோர்மேன் துணிக்கொடியைப் பார்த்தார்.

"இல்ல, புல்லே இல்லாம மண் கெட்டிப்பட்டுப் போயிருக்கு. ரெண்டு பாதம் அளவுக்கு. நடந்து போற தடம்னா நீளமா இருக்கும். இது ஒரே இடத்துல நின்னு நின்னு ஆனது. தினமும் யாரோ இங்க வந்து நிக்கிறாங்க."

"ஐயையோ" என்று வீட்டம்மா வாயில் கை வைத்தாள். "திருடனா இருக்குமோ?"

"பூனை" என்றார் ஃபோர்மேன், சட்டென்று.

"பூனையா?"

"பெரிய பூனை ஒண்ணு வருது. நான் பாத்திருக்கேன். அங்கதான் படுத்துக்கிடக்கும்."

பூட்ஸ்காரி குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தப் பூனை செருப்பு போடுதே சார்" என்றாள். அவள் பார்வை அவர் செருப்புக்குப் போய், அங்கே ஒரு கணம் தங்கி, பிறகு எலுமிச்சைப் பக்கம் திரும்பிக்கொண்டது.

போகும்போது, "எங்கயாவது ஒரு மூலையில தண்ணி விழுற மாதிரி வச்சா நல்லா இருக்கும்மா. சலசலன்னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும்" என்றாள். "எந்த மூலைன்னு நான் அப்புறம் சொல்றேன்" என்றாள் வீட்டம்மா. பிறகு இருவரும் வாசல் பக்கம் போய் வெகுநேரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அத்தனை வண்டிகளின் நோயைக் கண்டுபிடித்த காதுக்கு அந்தப் பேச்சில் ஒரு சொல்லும் எட்டவில்லை.

சலசலன்னு சத்தம். ஜன்னலுக்குக் கீழே. அப்புறம் வாலுவின் குரல் எங்கே கேட்கும்?

*

அன்று சாயங்காலம் மோட்டார் பார்க்கப் போனவர், ஒரு செங்கல்லை எடுத்துப்போட்டு அதன்மேல் ஏறி நின்றார். தடம் பதியக் கூடாதாம். வயதுக்கேற்ற வேலையா இது என்று அவருக்கே வெட்கமாக இருந்தது.

"அம்மா, வண்டியில ஒரு சத்தம் வருதும்மா" என்றது வாலுவின் குரல். "ஊ...ன்னு. மெதுவா போனா கேக்கல. வேகம் எடுத்தா கூடவே ஏறுது."

"அப்படியா."

"டயர் தேஞ்சு போச்சுன்னாரு கடைக்காரரு. புதுசும் போட்டாச்சு. சத்தம் அப்படியே இருக்கு. வலது பக்கம் திருப்பினா கூடுது. இடது பக்கம் திருப்பினா குறையுது."

"சரிம்மா. பாப்பாவுக்கு இருமல் நின்னுச்சா?"

ஃபோர்மேன் செங்கல்மேல் நின்றபடி பல்லைக் கடித்தார். பேரிங். இடது முன் சக்கரத்துப் பேரிங். பணிமனையில் புதிதாகச் சேர்ந்த பையன்கூடச் சொல்லிவிடுவான். வலது பக்கம் திருப்பினால் வண்டியின் பாரம் இடது சக்கரத்துக்குப் போகிறது, அதுதான் அலறுகிறது. இன்றைக்கு ஊ என்று சொல்லும், அப்புறம் கரகரக்கும், ஸ்டியரிங் உதறும், அதையும் பொருட்படுத்தாமல் ஓட்டினால் சக்கரம் தனியாக, வண்டி தனியாக. அப்படிச் சாலையோரம் குப்புறக் கிடந்த வண்டிகளை அவர் கயிறு கட்டி இழுத்து வந்திருக்கிறார்.

"சனிக்கிழமை லீவும்மா. பாப்பாவை மலைக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருக்கேன். அது இப்பவே பையை எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு."

மலைப்பாதை. வளைவுக்கு வளைவு திருப்ப வேண்டும். ஃபோர்மேன் சுவரில் நெற்றியை வைத்து, "பேரிங்குடி... பேரிங்கு..." என்று முணுமுணுத்தார். சுவர் கேட்டுக்கொண்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது எப்படியாவது பேச்சை எடுத்துவிடுவது என்று தீர்மானித்தார்.

"இந்த... டயரு..." என்று ஆரம்பித்தார்.

"என்ன டயரு?" என்று வீட்டம்மா நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைச் சிமிட்டாமல் பார்த்தாள்.

யார் வண்டியின் டயர், உங்களுக்கு எப்படித் தெரியும், எங்கே நின்று கேட்டீர்கள் என்ற கேள்விகள் எல்லாம் அந்தப் பார்வையின் பின்னால் வரிசை கட்டி நிற்பதாக அவருக்குத் தோன்றியது.

"டயரு விலையெல்லாம் ஏறிப்போச்சாம்" என்றார்.

"ஏறட்டும். நம்மகிட்ட என்ன வண்டியா நிக்குது?" என்று அவள் குழம்பு ஊற்றினாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் வேகமாகவே ஊற்றினாள்.

*

மறுநாள் பூட்ஸ்காரி ஆட்களோடு வந்து, முளைக்குச்சி அடித்து நூல் கட்டினாள். எங்கே முதலில் கட்டினாள்? தொட்டி மூலையில். ஃபோர்மேன் குறுக்கே போய் நின்றார்.

"இங்க தோண்டக் கூடாது. கீழ கழிவுநீர்க் குழாய் போகுது" என்றார்.

"இல்ல சார், அது அந்தப் பக்கம். மூடி தெரியுதே."

"இங்க பாம்பு இருக்கு."

"பூனைன்னீங்களே" என்றாள் வீட்டம்மா.

"பாம்பு இருக்கப் போய்த்தான் பூனை வருது."

"அப்படின்னா இந்த மூலையைத்தான்மா முதல்ல சுத்தம் பண்ணணும். பேத்தி கீத்தி வந்தா ஓடி விளையாடுற இடம்" என்று வீட்டம்மா பூட்ஸ்காரியிடம் சொன்னாள். பேத்தி என்ற வார்த்தையை அவர் முன்னால் அந்த வீட்டில் யாரும் உச்சரித்துப் பல காலம் ஆகியிருந்தது. ஃபோர்மேன் வேறு பக்கம் திரும்பி, தேவையில்லாமல் ஒரு முறை இருமினார்.

மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில், வெயிலென்றும் பாராமல் வெளியே வந்து, முளைக்குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி இரண்டடி தள்ளி நட்டார். மண் ஒட்டிய கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஒன்றும் தெரியாதவர்போல் உள்ளே போய்ப் படுத்தார். பூட்ஸ்காரி திரும்பி வந்தாள். குச்சிகளைப் பார்த்தாள். தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தாள். பிறகு எல்லாவற்றையும் பிடுங்கிப் பழைய இடத்திலேயே அடித்தாள், இந்த முறை சுத்தியலால் ஆழமாக. உள்ளே படுத்திருந்தவருக்கு ஒவ்வொரு அடியும் மார்பில் விழுந்த மாதிரி இருந்தது.

அதற்கப்புறம் வேலை நிற்கவே இல்லை. புதரை வெட்டினார்கள். எலுமிச்சையை வேர்மண்ணோடு பெயர்த்து வெயில் பக்கம் கொண்டுபோய் வைத்தார்கள். மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்காதபடி தரையைச் சரித்து மண்ணை இழுத்தார்கள். தொட்டி மூலையில் மட்டும் ஒரு குழி தோண்டி, ஜல்லி கொட்டி, அதன்மேல் தார்ப்பாயைப் போட்டு மூடி வைத்தார்கள். சுற்றிலும் கற்களை அடுக்கிவிட்டதால் ஆள் நிற்க அங்கே இடமே இல்லை. சாயங்காலம் வாலு பேசும் நேரத்துக்குச் சரியாகக் கல் வெட்டும் இயந்திரம் அலறத் தொடங்கும். மோட்டார் பார்க்கக் கிளம்பிய ஃபோர்மேன் கற்குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஜன்னலுக்குள்ளே மனைவியின் வாய் அசைவதுதான் தெரிந்தது. ஒருநாள் அவள் முகம் சிரித்தது. மறுநாள் நெற்றி சுருங்கியது. ஏன் சுருங்கியது? சத்தம் கூடிவிட்டதா? மெக்கானிக்கிடம் காட்டினாளா? வேறு எதற்காவது சுருங்கியதா? ஒன்றும் தெரியவில்லை.

அவருக்கு உறக்கம் போயிற்று. கண்ணை மூடினால் ஊ என்ற அந்தச் சத்தம் கேட்டது, கூடவே பேத்தியின் சின்னப் பை கண்ணில் ஆடியது. பொதுத் தொலைபேசியில் போய் யாரோபோலக் குரலை மாற்றிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தார். குரலை மாற்றினாலும் வாலு கண்டுபிடிப்பாள். அவளுக்கும் இதே காதுதான். மனைவியின் கைப்பையில் 'பேரிங்' என்று எழுதிய துண்டுச் சீட்டைப் போட்டுவிடலாமா என்றும் யோசித்தார். எழுதியும் விட்டார். அப்புறம் அதைக் கிழித்துச் சுருட்டி, தான் அவ்வளவு கோழையா என்று தன்னையே வைதுகொண்டார்.

வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

*

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஃபோர்மேன் மோட்டார் என்றுகூடச் சொல்லவில்லை. போன் மணி அடித்ததும் நேரே பின்பக்கம் போனார். தொட்டி மூலையில் கொத்தனார் கரண்டியோடு குனிந்து, எதற்கோ சிமெண்ட் பூசிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் இன்னொரு ஆள் பாதைக்கான கல்லை வெட்டிக்கொண்டிருந்தார். புழுதியும் சத்தமுமாக இருந்தது.

"நிறுத்துங்க" என்றார் ஃபோர்மேன்.

இயந்திரக்காரருக்குக் கேட்கவில்லை. ஃபோர்மேன் போய் ஸ்விட்சைத் தானே அணைத்தார். பூட்ஸ்காரி நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தில் என்ன தெரிந்ததோ, ஆட்களைப் பார்த்துச் சும்மா இருங்கள் என்று கையைக் காட்டினாள்.

திடீரென்று விழுந்த அமைதியில் ஜன்னலிலிருந்து வாலுவின் குரல் தெளிவாக வந்தது.

"...இப்ப அந்த ஊ சத்தம் இல்லம்மா. கரகரன்னு அரைக்குது. ஸ்டியரிங் வேற உதறுது. கடைக்காரரு, ஓட்டலாம், போய்ட்டு வாங்க, வந்தப்புறம் பாத்துக்கலாம்ங்குறாரு. காலையில வெளிச்சம் வந்ததும் கிளம்பிடுவோம். பாப்பா தூங்கவே மாட்டேங்குது, அவ்வளவு குஷி."

"சரிம்மா, பாத்துப் போ. ஸ்வெட்டர் எடுத்துக்கோ" என்றாள் வீட்டம்மா.

ஸ்வெட்டராம். கற்குவியலைத் தாண்டினார். மூட்டு வலியெல்லாம் எங்கே போனதோ, ஒரே எட்டில் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார்.

"ஓட்டாதே!" என்று கத்தினார். "வண்டிய எடுக்காதே! மலைக்குப் போகாதே! அது டயரு இல்ல, பேரிங்கு! இடது முன் சக்கரம்! கழண்டு போயிடும்! எந்த முட்டாள் சொன்னான் ஓட்டலாம்னு? சாவியைத் தொடாதே!"

தெருவே கேட்டது. அன்றைக்குக் கேட்ட அதே தெரு.

ஜன்னலுக்குள்ளே கத்தி நறுக்குவதை நிறுத்தியது. போனில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. தன் குரல் தனக்கே திரும்பிக் கேட்கிற மாதிரி இருந்தது ஃபோர்மேனுக்கு. இப்போது அவள் என்ன சொல்வாள்? உங்களை யார் கேட்டது என்று சொல்லலாம். போனை வைத்துவிடலாம். அதற்கெல்லாம் அவளுக்கு உரிமை இருந்தது. என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், வண்டியை மட்டும் எடுக்காமல் இருக்கட்டும் என்று கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"இடது பக்கம்தானேப்பா?" என்றது போன். "நானும் அப்படித்தான் நெனச்சேன். வலது பக்கம் திருப்பினா கூடுதுன்னு அன்னைக்கே சொன்னேனே."

"சொன்னே" என்றார். அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. "யார்கிட்ட சொன்னே?"

"அம்மாவுக்குப் பேரிங்கு தெரியுமா என்ன?" அவள் குரல் சிரிப்பதற்கும் அழுவதற்கும் நடுவே எங்கேயோ இருந்தது. "கார் வாங்கினப்போ எத்தனை கிலோமீட்டர் ஓடினதுன்னு சொன்னேன், என்ன ஆயில் ஊத்துறேன்னு சொன்னேன், பேட்டரி மாத்தினதைச் சொன்னேன். இதெல்லாம் அம்மாகிட்ட எதுக்குப்பா சொல்லப் போறேன்? நீங்க ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லவே மாட்டேன்னுட்டீங்க. இந்த நாலஞ்சு நாளா அம்மா, மோட்டார் பாக்க வரலடி, கல்லு குறுக்க கிடக்குன்னாங்க. எனக்குப் பயமாப் போச்சு."

ஃபோர்மேன் வாயைத் திறந்தார். தெருவே கேட்கச் சொல்ல வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. அது சத்தமாக வரவில்லை.

"தப்பு பண்ணிட்டேன்டி" என்றார், கம்பியில் நெற்றியை வைத்தபடி.

போனில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பின்னாலிருந்து ஒரு சின்னக் குரல், "அம்மா, யாரு கத்துறது?" என்று கேட்டது. "தாத்தாடா" என்றாள் வாலு.

பின்கதவு திறந்தது. வீட்டம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு போனோடு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. அதைக் கேட்டால் வெங்காயம் என்பாள்.

"இந்தாங்க. உங்க வீட்டுச் சங்கதி, நீங்களே பேசிக்கோங்க. கால் வலின்னு ராத்திரியெல்லாம் முனகுறது யாரு? உட்கார்ந்து பேசுங்க. அதுக்குத்தானே போடச் சொன்னேன்."

"எங்க உட்கார?"

அவள் தொட்டி மூலையைக் காட்டினாள். கொத்தனார் கரண்டியோடு ஒதுங்கி நின்றார். குழியும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஜன்னலுக்கு நேர்கீழே, முதுகைச் சுவரில் சாய்த்துக்கொள்ளும்படி, தொட்டி வழிந்தால் மேலே படாதபடி சின்னக் கூரைத் தகட்டோடு, ஒரு ஆள் உட்காரும் அகலத்தில் ஒரு கல் திண்டு.

"அம்மா முதல்நாள் போன்ல பேசினப்பவே இதைத்தான் சார் கேட்டாங்க" என்றாள் பூட்ஸ்காரி. "எங்க வீட்டுக்காரர் நிக்கிற இடத்துல உட்கார ஒண்ணு வேணும், அவருக்குத் தெரியக் கூடாதுன்னாங்க. மத்த தோட்டமெல்லாம் அதுக்கப்புறம் சேர்த்ததுதான். நீங்க குச்சியை மாத்தி நட்டப்போ எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமா?"

ஃபோர்மேன் மனைவியைப் பார்த்தார். இத்தனை காலமும் ஒருநாள்கூட ஸ்பீக்கரை அணைக்காதவளைப் பார்த்தார். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்குள் போனில், "அப்பா, இருக்கீங்களா?" என்று குரல் வந்தது.

"இருக்கேன், இருக்கேன்" என்று அவசரமாகப் போனைக் காதில் வைத்தார். "இங்க பாரு, வண்டிய எங்கயும் எடுக்காதே. காலையில முதல் பஸ்ஸுல நான் வர்றேன். உங்க ஊர்ப் பணிமனையில எனக்குத் தெரிஞ்சவன் இருக்கான், அவன்கிட்ட பேரிங்கு அழுத்துற பிரஸ் இருக்கு. கழட்டி மாத்திப்புட்டு... ஆமா, பாப்பா கிட்ட சொல்லு, மலைக்குப் போறோம். எல்லாரும் போறோம். பஸ்ஸுல."

பேசிக்கொண்டே பின்பக்கமாகக் கையால் தடவிப் பார்த்து, திண்டில் உட்காரப் போனார்.

"சார், சார்!" என்று பூட்ஸ்காரி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். "சிமெண்ட் இன்னும் காயல சார்! நாளைக்கு வரைக்கும் உட்காரக் கூடாது!"

ஃபோர்மேன் உட்கார்ந்துவிட்டார். வேட்டி வழியாக ஈரம் சில்லென்று ஏறியது. கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார். ஃபோர்மேன் அவர்களைப் பார்த்து, சத்தம் போடாதீர்கள் என்று ஒரு விரலை உதட்டில் வைத்தார். பிறகு, "சொல்லு, அப்புறம்?" என்றார் போனில்.